ஜிம்மி மேல் விழுந்த பழி

ஜஸ்ரினுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக அவனுக்கு வயிற்றோட்டம். மருந்து கொடுத்தால் நிற்கும். பத்து நாளில் திரும்பவும் தொடங்கும். அரியாலையில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே பல நாளாகிவிட்டது.

"குடலிலை ஒட்டுண்ணி இருக்கு. நாயாலையும் வரலாம்" என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அப்பா சிமியோன் வீட்டு நாய் ஜிம்மியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை உந்த நாயைத் தூரக் கொண்டுபோய்த் தொண்டைமானாத்திலை விட்டிட்டு வாறன்" என்றார்.

அக்கா றொசாந்திக்குப் பத்து வயது. அவளுக்குத் தம்பியும் வேண்டும், ஜிம்மியும் வேண்டும். குடல் ஒட்டுண்ணிகளை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கு வந்திருந்த தனுசியா மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், ஜிம்மிதான் குடுத்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"நுணுக்குக்காட்டியிலை எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். மரபணுவைப் பார்த்தால்தான் நாயின்ரை வகையோ, மனுசற்றை வகையோ எண்டு பிடிக்கலாம்."

மலம் எடுத்துவர அவர் மூன்று சின்னப் போத்தல்களைக் கொடுத்தார். "தம்பியின்ரை, நாயின்ரை, உம்மடை."

"எனக்கு வயித்தோட்டம், வருத்தம் ஒண்டும் இல்லையே, மிஸ்?"

"எண்டாலும் தாரும்."

றொசாந்தி ஒரு குச்சியோடு ஜிம்மியின் பின்னால் அலைந்தாள். அதற்கு வெட்கமோ என்னவோ, பற்றைக்குப் பற்றை ஓடியது.

"முடிவு வருமட்டும் கட்டி வையுங்கோ, அப்பா" என்று கெஞ்சினாள். அப்பா அரை மனதோடு சம்மதித்தார். மூன்று கிழமை ஜிம்மி கயிற்றில் கிடந்து முனகியது.

பிறகு தனுசியா மிஸ் வீட்டுக்கு வந்தார்.

"ஜிம்மியிலை இருக்கிறது நாய்களுக்கு வாற வகை. தம்பியிலை இருக்கிறது வேறை."

றொசாந்தி துள்ளி எழுந்தாள். மிஸ் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பியின்ரை வகை றொசாந்தியிலையும் இருக்கு. வருத்தம் காட்டாமல் இருக்கு."

றொசாந்தி தன் கைகளைப் பார்த்தாள். தம்பிக்குத் தினமும் சோறு பிசைந்து வாயில் தீத்துவது அவள்தான்.

"நானோ குடுத்தனான்?"

"அதைச் சொல்ல ஏலாது, பிள்ளை. கிணத்துத் தண்ணியாலை ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். ரெண்டு பேரும் ஒண்டாய் மருந்து எடுங்கோ. தண்ணியைக் கொதிக்க வையுங்கோ. சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ."

மிஸ் போன பிறகு றொசாந்தி அப்பாவிடம் வந்தாள்.

"என்னையும் தொண்டைமானாத்திலை விடுவியளோ, அப்பா?"

"விசர்க் கதை கதையாதை" என்றார் அப்பா. எழுந்து போய் ஜிம்மியை அவிழ்த்துவிட்டார்.

மருந்து சரியான கைப்பு. அது முடிந்தும் றொசாந்தி தம்பிக்குப் பக்கத்தில் போகவில்லை. அம்மாதான் தீத்தினாள். றொசாந்தி தூர இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தின் பின், ஒரு மத்தியானம், ஜஸ்ரின் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். வயிற்றோட்டம் நின்று கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"அம்மா வேண்டாம். அக்கா தீத்து."

றொசாந்தி சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.