உறுமும் கிட்டார்

அது 1967ஆம் ஆண்டு. பம்பாயில், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கரீம் பாட்சா இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். அவர் மகள் மெஹராஜ் ஐந்தாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். பிறகு இருவரும் தாராவியில் இருந்த வீட்டுக்குச் சேர்ந்து நடப்பார்கள்.

ஒரு நாள் அவள் கடைக்குள் நுழைந்தபோது, கல்லூரியில் படிக்கும் வெங்கடேஸ்வரன் ஓர் இசைத்தட்டை நீட்டியபடி நின்றிருந்தான்.

"பாய், இது டேமேஜ் ரெக்கார்டு. கிட்டார் வரச்சே எல்லாம் கர்ர்னு கிழியறது. ஸ்பீக்கரைக் கெடுத்துட்டேன்னு எங்கப்பா என்னைத் திட்டறார்."

அது வெளிநாட்டிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்த ராக் இசைத்தட்டு. காலையிலேயே ஒருவர் இதே குறையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

மெஹராஜின் வாப்பா முகம் வாடிவிட்டது. "எல்லாத்தையும் இன்னைக்கே கம்பெனிக்கு அனுப்பிருதேன் தம்பி. கெட்ட சரக்கு விக்கான்னு பேரு வந்துட்டா, பொறவு இந்தக் கடைக்கு யாரு வருவா?" என்றார். அட்டைப் பெட்டியை எடுத்து, அவன் கொடுத்ததையும் சேர்த்து இசைத்தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"வாப்பா, ஒரு தடவை போடுங்க. நான் கேக்கணும்" என்றாள் மெஹராஜ்.

வாப்பா பெருமூச்சோடு ஊசியை இறக்கினார்.

முதலில் டிரம் அதிர்ந்தது. ஒருவர் பாடினார். பிறகு கிட்டார் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த புலி எழுந்து சோம்பல் முறித்து உறுமியது போல இருந்தது. மெஹராஜுக்குக் கை முழுதும் மயிர்க்கூச்செறிந்தது.

"பாத்தியா? கிழியறது" என்றான் வெங்கடேஸ்வரன்.

மெஹராஜ் யோசித்தாள். ஒரு பழைய இசைத்தட்டை எடுத்துப் போட்டாள். வீணை தெளிவாக ஒலித்தது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். மறுபடியும் புதிய தட்டைச் சுழலவிட்டாள். "அண்ணே, இப்ப டிரம் வருது. கிழியுதா?"

"இல்லை."

"இப்ப அவரு பாடுதாரு. கிழியுதா?"

"இல்லையே."

"தட்டு கெட்டிருந்தா எல்லாமே கெட்டுல்ல கேக்கணும்? கிட்டார் மட்டும் எப்படிக் கிழியும்?"

வெங்கடேஸ்வரன் தலையைச் சொறிந்தான். "வேணும்னே இப்படி வாசிச்சிருக்காங்கறயா?"

"ஆமா. நமக்குக் கோவம் வந்தா கொரல் மாறுதுல்ல? இந்தக் கிட்டாருக்கும் கோவம் வந்துட்டு. மெதுவா வச்சாத்தான் கிழியுத மாதிரி இருக்கு. சத்தமா வச்சுக் கேளுங்க."

அவள் ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டினாள்.

புலி தெருவில் இறங்கியது. வாழைப்பழக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ரயிலுக்கு ஓடியவர்கள் நின்றார்கள். ஒரு டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தி, கதவில் தாளம் போட்டார். கல்லூரி மாணவர்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள்.

பாட்டு முடிந்தது.

"ஃபிர்சே லகாவ், பாய்" என்றார் டாக்சிக்காரர். வாப்பா மறுபடியும் போட்டார்.

வெங்கடேஸ்வரன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அது தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தன் இசைத்தட்டைப் பெட்டியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டான்.

"அப்பா கேட்டா என்ன சொல்றது?"

"ஸ்பீக்கர் கெடல, கிட்டாருக்குத்தான் கோவம்னு சொல்லுங்க அண்ணே."

பொழுது சாய்வதற்குள் அட்டைப் பெட்டி காலியாகிவிட்டது.

அன்றிலிருந்து எந்தப் புதிய இசைத்தட்டு வந்தாலும் மெஹராஜ்தான் முதலில் கேட்பாள். கேட்டதும் தோன்றியதை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதுவாள். படிப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் இப்படி எழுதியிருந்தாள்: "முதல் பக்கம் தூக்கம் வருகிறது. இரண்டாம் பக்கம் எழுப்பிவிடுகிறது."

வாப்பா பதறிப்போனார். "இப்படி எழுதுனா யாரு வாங்குவா?"

அதற்குள் வெங்கடேஸ்வரன் நண்பர்களோடு உள்ளே வந்தான்.

"பாய், அந்தத் தூங்கி எழற ரெக்கார்டு இருக்கா? எல்லாருக்கும் ஒண்ணொண்ணு கொடுங்கோ."

வாப்பா சாக்பீஸ் பெட்டியை எடுத்து மகளின் பக்கம் தள்ளினார்.