துளைமானி

பிலோமினா காலையில் காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே படுக்கையறைச் சுவரில் ஒரு துளை போட்டுவிடுவாள். உள்ளங்கைக்குள் அடங்கும் துளைமானியைச் சுவரில் அழுத்தினால் போதும். அது மூன்று மெல்லிய திரிபுமானிகளை எஃகின் மேல் ஒட்டி, அவற்றின் நடுவே, சுவரின் மறுபக்கம் போகாமல், கடுகளவு ஆழத்துக்கு ஒரு துளையிடும். துளையைச் சுற்றி உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு தளர்ந்து நகரும். அந்த நகர்வைத் திரிபுமானிகள் உணர்ந்து ஓர் எண்ணாகக் காட்டும். எண் சிறியதென்றால் அன்றைக்கு அவளால் சோறு உண்ண முடியும்.

ஆழியூரில் எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். கடலுக்கு அடியில், பற்றவைத்த எஃகு ஓடுகளுக்குள் இருந்தது அந்த ஊர். பற்றவைத்த இடம் ஆறும்போது உலோகத்துக்குள் ஓர் இழுப்பு தங்கிவிடுகிறது. எச்சத் தகைவு என்று பெயர். பார்த்தால் தெரியாது, தட்டினால் கேட்காது. குடியேறிய புதிதில் கிழக்குக் கூடத்தின் சுவர் அதனால்தான் ஒரு மதிய வேளையில் பிளந்தது. பிலோமினாவின் கணவர் உட்படப் பலர் கடலோடு போனார்கள். சுவரின் நிலை நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது, வெளியே சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் துளைமானி. அதைச் செய்த பொறியாளர் ரோஸ்லின் கொரைரா, "யாரையும் நம்பாதீங்க, உங்க சுவரை நீங்களே அளந்து பாருங்க" என்று வீடு வீடாகக் கொடுத்தாள். நிர்வாகம் நினைத்தாலும் நிறுத்திவிட முடியாதபடி அதை வடிவமைத்திருந்தாள். மக்கள் அவளைக் கும்பிட்டார்கள். சம்பந்தம் பேச வருபவர்கள்கூட உட்காருவதற்கு முன் சுவரை அளந்தார்கள்.

ஒருநாள் பிலோமினா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"எண்ணு ஏறிக்கிட்டே போவுதுக்கா. போன மாசம் இப்படி இல்ல."

ரோஸ்லின் அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். பற்றவைப்புக் கோட்டை ஒட்டி, பசை வைத்து அடைத்த துளைகள். அம்மை கண்ட முகம் போலிருந்தது சுவர். அவள் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தாள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த சாயம் திரும்பக் கசியும். கசிந்தது. துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு.

ரோஸ்லின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

துளை விழுந்த இடத்தில் இழுப்பு நின்றுவிடுவதில்லை. துளையைச் சுற்றிக்கொண்டு அதன் விளிம்பில் நெருக்கியடித்துப் போகிறது. ஒரு துளை எதுவும் செய்யாது. அவள் சோதித்ததும் ஒரு துளையைத்தான். பயந்த ஒருத்தி அதன் பக்கத்திலேயே இன்னொன்று போடுவாள், அதில் எண் கூடும், எண் கூடியதால் மறுபடியும் போடுவாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"நான் ஏதும் தப்பாப் போட்டுட்டேனாக்கா?"

"நீ ஒண்ணும் பண்ணல, பிலோ. நான்தான்."

"நீங்களா? நீங்க இதக் குடுக்கலன்னா நான் அன்னைக்கே பைத்தியமாப் போயிருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரோஸ்லினுக்கு.

மறுநாள் ஊரை மாதா கோவில் கூடத்தில் கூட்டினாள். சுவரின் படத்தைக் காட்டி எதையும் மறைக்காமல் சொன்னாள். "அளக்க அளக்கத்தான் சுவர் கெடுது. தப்பு என்னோடது. இனிமே யாரும் துளை போடாதீங்க."

பிலோமினாவின் அடுத்த வீட்டுக்காரர், மீன்பண்ணை நடத்தும் ததேயு எழுந்தார். "எங்க வீட்டுச் சுவர் எம்புட்டு கெட்டிருக்கு? அதச் சொல்லுங்க."

"அளக்காமச் சொல்ல முடியாதுண்ணே."

ததேயு உட்காரவில்லை.

"எல்லாச் சுவருக்கும் மேலே தகடு வச்சுப் பலப்படுத்தப் போறோம்," என்றாள் ரோஸ்லின். "துளைச்ச இடத்துல பத்தவைக்காம, பிசின் போட்டு ஒட்டுவோம். அதுவரைக்கும் நம்பி இருங்க."

"யார நம்பி?" என்றார் ததேயு. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கிழக்குக் கூடம் பிளப்பதற்கு முன்னால் நிர்வாகமும் 'நம்பி இருங்க' என்றுதான் சொன்னது.

கூட்டம் சண்டையில்லாமல் கலைந்தது. எல்லாரும் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார்கள். ஏன் அப்படிப் போகிறார்கள் என்பது நடைவழியில் வரும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவுகளுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, துளைமானிகளின் ஊசிகள் இரைந்தன. தங்கள் சுவர் கெட்டுவிட்டதா என்று ஊரே அளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "நிறுத்துங்க! ஐயா, நிறுத்துங்க!" யாரும் திறக்கவில்லை.

பிலோமினாவின் கதவு மட்டும் திறந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தாள்.

"நான் போடலக்கா," என்றாள். "நீங்க சொன்னீயள்ல. போடவே மாட்டேன்."

ரோஸ்லின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அந்தப் பக்கம் ததேயு அண்ணன் வீட்டுல போடுதாங்களே," என்றாள் பிலோமினா. "சுவர் ஒண்ணுதானக்கா?"