ரேடியோ வாயை மூடிய கோடை

கோடை விடுமுறையில் ஒரு மணி நேரக் காலைத் தூக்கம் என்ன விலை? பாத்திரக்கடைக்காரர் மகளைக் கேட்டால், "எங்க கடையையே எழுதிக் கொடுத்தாலும் விற்க மாட்டேன்" என்பாள். ஓயாமல் பேசுவதால் தெருவில் அவள் பெயர் ரேடியோ.

அந்தத் தூக்கத்தை அவள் சும்மாவே விட்டுக்கொடுத்தாள். காரணம், எதிர்வீட்டுப் பையன் பென்சில். ஆள் அவ்வளவு ஒல்லி.

பென்சில் கணக்கில் தோற்றுவிட்டான். கோடை வகுப்புக்குப் போய்த் தேறினால் ரேடியோவோடு ஆறாம் வகுப்பு. இல்லையென்றால் மறுபடியும் ஐந்து.

"நான் போகமாட்டேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"நானும் வரேன்டா. ரெண்டு பேரைப் பார்த்துச் சிரிச்சா ஆளுக்குப் பாதிதானே?"

முதல் நாள் ஆசிரியை கேட்டார்: "யார் யார் எதுக்கு வந்திருக்கீங்க?"

"எங்க வீட்டுல ஃபேன் ஓடலை, டீச்சர்" என்றான் ஒருவன்.

"அம்மா கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கணுமாம்" என்றாள் ஒருத்தி.

ரேடியோ எழுந்தாள். "எனக்கு வகுத்தலே வராது, டீச்சர்."

"அப்படியா? நூத்தி நாப்பத்திநாலு டம்ளரைப் பன்னெண்டு பெட்டியில அடுக்கினா, பெட்டிக்கு எத்தனை?"

தப்பாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடையில் வளர்ந்த நாக்கு கேட்கவில்லை.

"பன்னெண்டு! பெட்டியோட எடுத்தா குறைச்சுத் தரலாம்!"

வகுப்பே சிரித்தது.

"நீ வீட்டுக்குப் போகலாம்மா" என்றார் ஆசிரியை. உடனே பென்சிலும் பையை எடுத்தான்.

ரேடியோ அவன் பையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நான் போனா இவனும் வந்துடுவான். அப்புறம் ஆறாங்கிளாஸ்ல நான் யார்கிட்ட பேசுவேன்?"

ஆசிரியை யோசித்தார். "சரி, இரு. ஆனா வகுப்புல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பாதி நேரம்?"

"முழு நேரமும்."

"முக்கால்! இதுதான் கடைசி, டீச்சர்!"

"முழு நேரமும்."

ரேடியோ உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

பென்சிலுக்கு ஒரு கணக்கு இடித்தது. முழங்கையால் அவளைக் குத்தினான். விடை அவள் நுனிநாக்கில் துள்ளியது. விழுங்கினாள். கரும்பலகைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

வேறு வழியின்றிப் பென்சில் கையைத் தூக்கினான். "டீச்சர், மீதி வந்தா அதை என்ன பண்றது?"

"நல்ல கேள்வி" என்றார் ஆசிரியை. யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே சந்தேகம்.

ரேடியோவுக்குக் காய்ச்சல் வந்த அன்று, அவன் தனியாகவே வகுப்புக்குப் போனான்.

பென்சில் தேறினான். அவனுக்கு வரவு ஆறாம் வகுப்பு. ரேடியோவுக்கு வரவு, விழுங்கிய வார்த்தைகள் ஒரு மூட்டை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அதை அவிழ்த்தாள். அவன் "உம்" கொட்டினான். வாசல் வந்தபோது கால் மூட்டைதான் தீர்ந்திருந்தது. முக்கால் பாக்கி.