காலை இழுக்கும் சத்தம்

பின்னால் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம், வினோதினி நின்றதும் உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு அடி வந்து, அப்புறம்தான் நின்றது.

திரும்பினாள். மரக்காணம் உப்பள வரப்பில் ஆளே இல்லை. இருபுறமும் பாத்திகளில் தேங்கிய நீர் சாயும் வெயிலில் சிவந்து, அசையாமல் கிடந்தது. காற்றில் சேறும் பாசியும் கலந்த நெடி.

அந்த நடை அவளுக்குத் தெரியும். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா அம்சவல்லி உப்பள வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், உப்புநீர் அரித்து வெடித்த பாதங்களை இழுத்துக்கொண்டு. மறுநாளிலிருந்து கூடப் படிக்கும் சரண்யாவும் அவள் கூட்டாளிகளும் வினோதினியைக் கண்டாலே அப்படி நடந்து காட்டினார்கள். இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கேலி அம்மாவின் காலைப் பற்றியதாயிற்றே.

சர்... சர்...

இப்போது ஒருத்தியின் கால்கள் இல்லை. ஐந்தாறு பேருடையவை.

"வீட்டுக்கு எதுக்குடி போற?" சரண்யாவின் குரல் காதோரம் ஈரமாகக் கேட்டது. "சொன்னா உங்கம்மா அழும். பாத்தில எறங்கிடு."

ஒரு கால் வரப்பிலிருந்து நழுவி நீரைத் தொட்டது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த நீர், ஐஸாகக் குளிர்ந்தது.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். "எறங்க மாட்டேன்." பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். "அம்மா!"

தூரத்தில் உப்புக் குவியலைக் கீற்றால் மூடிக்கொண்டிருந்த அம்சவல்லி போட்டது போட்டபடி ஓடி வந்தாள். வினோதினி எல்லாவற்றையும் கொட்டினாள். கேலியை, நடையை, இந்தக் குரலை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"என் காலுக்காகவாடி பட்டினி கெடந்த?" அம்மா அவளை இறுக அணைத்துக்கொண்டாள். "இந்தக் காலு எனக்கே அசிங்கமில்ல. உனக்கென்ன?"

சர்...

அம்மாவின் உடல் விறைத்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

பாத்தி நீர் பிளந்தது. ஒன்று. இரண்டு. ஏழு. பள்ளிச் சீருடை. இரட்டைச் சடை. உச்சி முதல் பாதம் வரை உப்பு. வீட்டுக்குப் போகும் வரப்பில் ஏறி, வழி மறித்து நின்றன. கண் இல்லை. மூக்கு இல்லை. சிரிக்கும் வாய் மட்டும்.

"தலையக் குனியாத," என்றாள் அம்மா மெதுவாக.

"குனியலம்மா."

கைகோத்து முன்னால் நடந்தார்கள். அம்மா காலை இழுத்தாள். ஏழும் நின்ற இடத்திலேயே இழுத்தன.

"வழி விடுங்கடி," என்றாள் வினோதினி.

எதுவும் நகரவில்லை. அவளும் பின்வாங்கவில்லை. ஒரு முழத் தூரம். முன்னால் நின்றதன் வாய் காதுவரை கிழிந்து திறந்தது. உள்ளே நாக்கில்லை. பல்லில்லை. இரண்டு கண்கள், இமைக்காமல், அவளையே பார்த்தன.