றோசலின் முடித்துவைத்த குளிர்காலம்

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, குளிர்காலம் முடிந்துவிட்டதாக றோசலின் அறிவித்தாள். அவளுக்கு வயது பத்து. அவளிடமிருந்த ஆதாரங்கள்: இரண்டு நாள் வெயில், ஒரு கொழுத்த அணில்.

வீட்டின் வானிலை அதிகாரியாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவள் அவள். அப்பா ஜெராட் அந்தப் பதவியை மதித்தார். அன்றைக்கே கராஜுக்குப் போய், காரின், பனியில் வழுக்காத குளிர்கால ரயர்களைக் கழற்றிக் கோடை ரயர்களைப் பூட்டுவித்தார். திரும்பி வந்து, இன்னும் ரயர் மாற்றாத பக்கத்து வீட்டு டிலக்ஷனைக் கேலியும் செய்தார்.

அடுத்த வெள்ளி மாலை வானிலை அறிக்கை வந்தது. நாளை உறைமழை, அதன்மேல் இருபத்தைந்து சென்ரிமீற்றர் பனி.

டோர்வல் விமான நிலையத்தில், சூடான திரவத்தைத் தெளித்து விமானங்களின் இறக்கைகளில் படியும் ஐஸைக் கரைப்பதுதான் அப்பாவின் வேலை. அப்படிப்பட்ட நாளில் அவர் போகாமல் இருக்க முடியாது. கோடை ரயரோடு போகவும் முடியாது. திரும்ப மாற்றக் கராஜில் கேட்டால், செவ்வாய்க்கிழமைதான் இடம் இருக்கிறதாம்.

"என்ர பிழைதானே?" என்று றோசலின் கேட்டாள்.

அம்மா நிரஞ்சனி பாணில் பட்டர் பூசிக் கையில் கொடுத்தார். அப்பா, ஏப்ரல் என்றால் அப்படித்தான் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

றோசலின் அறிக்கையை முதல்தடவையாக முழுதாக வாசித்தாள். மேலே சூடான காற்று, நிலத்தோடு குளிர்காற்று. நடுவில் விழும் மழை தொட்ட இடத்தில் உறையும். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும், ஆறு மணிக்குப் பனியாக மாறும். யாரோ உட்கார்ந்து ஆகாயத்தை அடுக்கு அடுக்காகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதில் அணில் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை காலை அவள் டிலக்ஷன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருக்கும் விமான நிலையத்தில்தான் வேலை, பொதிகள் ஏற்றுபவர்.

"மாமா, நீங்கள் இன்னும் ரயர் மாத்தேல்லைத்தானே?"

"ஏன், கொப்பருக்கு இன்னும் நக்கல் முடியேல்லையோ?"

"இல்லை. அவரையும் உங்கட காரில கூட்டிக்கொண்டு போவீங்களோ? கேக்க அவருக்கு வெக்கம். மாத்தச் சொன்னதே நான்தான்."

தேநீர் சிந்துமளவுக்கு அவர் சிரித்தார். தனக்கும் நாலு மணிக்குத்தான் வேலை, மூன்று மணிக்குப் புறப்படலாம் என்றார்.

"ரெண்டுக்கே வெளிக்கிடுங்கோ, மாமா. மூண்டுக்கு ஐஸ் துவங்கும்."

மூன்று பத்துக்கு முதல் துளி ஜன்னலில் விழுந்து, அப்படியே கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டது. அப்பா அதற்குள் வேலைத்தளத்தில் இருந்தார். ஆறு மணிக்குப் பனி. றோசலின் திறந்த வாயை மூட மறந்து நின்றாள். இதை நேற்றே ஒருவர் அறிந்திருந்தாரே!

மறுநாள் காலை அப்பா களைத்து வந்து சப்பாத்தைக் கழற்றினார். முப்பத்தெட்டு விமானங்களாம். எல்லாம் பறந்துவிட்டனவாம்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. என்ர பிழைதானே?"

அப்பா அவள் முன்னால் குந்தினார்.

"ஓம், உன்ர பிழைதான்," என்றார். "பாதி. மற்றப் பாதி, உன்ர சொல்லைக் கேட்டு ஓடின எனக்கு."