சிவப்புக் கழுத்துப்பட்டை

நாயின் இடது காது முழுமையாக இருந்தது.

கம்பிவலைக்கு இப்பால் வாழைப்பழச் சீப்புடன் நின்ற பேராச்சி, மாலை வெளிச்சத்தில் தன் கண்தான் பிசகுகிறது என்று முதலில் எண்ணினாள். ஜூன் மாதத்து வானம் கறுத்துத் தாழ்ந்திருந்தது. பினாயில் நெடியும் புளித்த கஞ்சியின் வாடையும் காற்றில்லாமல் அந்தத் தகரக் கொட்டகைக்குள் தேங்கி நின்றன. நாற்பது நாய்களும் ஒரு நொண்டி மாடும் இருந்த இடத்தில் ஓசையே இல்லை. சிவப்புக் கழுத்துப்பட்டை அணிந்த அந்தச் செந்நிற நாய் மட்டும் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவள் மகள் பூமாரியின் மணிக்கட்டைக் கடித்த நாய்க்குக் காது நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. குழந்தையிடமிருந்து அதைப் பிடித்து இழுத்தபோது அந்தப் பிளவுதான் அவளுடைய விரல்களில் அகப்பட்டது.

மாநகராட்சி வண்டிக்காரர்கள் பிடித்தால் கொன்றுவிடுவார்கள். தாராவியில் அவள் தெருவார் அதனால்தான் நாயைச் சாக்கில் கட்டி, எவ்வுயிரையும் கொல்லாத இந்தச் செம்பூர்க் காப்பகத்தில் ஒப்படைத்தார்கள். பத்து நாள் நாய் உயிரோடிருந்தால் அதற்கு வெறியில்லை, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகளும் வேண்டியதில்லை என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பத்து நாளும் அவள் வந்தாள். இருண்ட பின்கட்டில், தொலைவில், அங்கே அதற்கு மாட்டியிருந்த சிவப்புப் பட்டையைக் கண்டாள். ஊசி போடவில்லை. அது நடந்து நான்கு வாரம் ஆகிவிட்டது. இன்று நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"ஜம்புவைப் பாக்க வந்தியளா தாயி?" காவலர் பிரம்மநாயகம் கஞ்சி வாளியை இறக்கிவைத்தார். "கடிச்ச நாய்க்குப் பழம் வாங்கியாற மகராசிய இப்பத்தான் பாக்கேன். எம்பொண்டாட்டி எனக்கே வாங்கித் தரமாட்டா."

"அண்ணாச்சி, இதுக்குக் காது கிழிஞ்சிருக்குமே."

"அது முந்தின ஜம்பு."

"முந்தினன்னா?"

அவர் வாசற்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாலாம் நாளே போயிட்டு. தண்ணிச் சட்டியக் கண்டாலே கெடந்து நடுங்கிச்சு, பாவம். அந்தப் பேச்ச இங்க பேசப்பிடாது. மொதலாளி உத்தரவு."

காப்பகத்தை நடத்திய வணிகர் காசிராஜன் வகுத்த வழக்கம் அது. மாட்டுங்காவில் ஒரு வீட்டார், இறந்துபோன தம் நாயின் நினைவாக 'ஜம்பு' என்ற பெயரையும் பட்டையையும் அளித்திருந்தனர். அளித்தவர் மனம் நோகக் கூடாது. ஆகவே ஒரு நாய் மாண்டால், அன்றே அடுத்த நாயின் கழுத்துக்குப் பட்டை மாறும். சாவு என்ற சொல் அந்த வாசலுக்குள் ஒலிக்கக் கூடாது. கொல்லாமை அறம்தான், மறைத்தல் அதன் பகுதியன்று என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாந்தான் தெனமும் வந்து கேட்டனே அண்ணாச்சி."

"பாசத்துல கேக்கியன்னுல்லா நெனச்சேன். வேற என்னத்துக்குக் கேட்டிய?"

பத்து நாள் கணக்கை ஒப்படைத்தவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று அவள் எண்ணியிருந்தாள். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

பழச்சீப்பு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேருந்தின் கம்பியைப் பற்றியபடி, அன்று காலை நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்தாள். ஆறிப்போன தழும்பைக் குழந்தை ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தாள். "எறும்பு ஊருதும்மா." எறும்பு இல்லை. காப்பி ஆறிக் கிடந்தது. சூடாக இருக்கிறது என்று குழந்தை தள்ளினாள். சூடாக இல்லை.

தாராவியை ஒட்டிய சயானில் இறங்கினாள். ஓடினாள். காற்றில் ஈரமண் வாசனை. சந்தெங்கும் பெண்கள் குடங்களுடன் வானத்தைப் பார்த்து நின்றார்கள். குழாய் வறண்டு மூன்று நாளாயிற்று.

குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா வாசலில் நின்றாள்.

"ஒம்மவளுக்கு இம்புட்டு அடம் ஆகாது பேராச்சி. காலையிலேருந்து ஒரு சொட்டு குடிக்கல. டம்ளரக் கொண்டுபோனா மூஞ்சியத் திருப்புதா."

உள்ளே இருட்டு. மூலையில் பூமாரி. அவள் எதிரே டம்ளர். விளிம்புவரை தண்ணீர்.

"தாகமா இருக்கும்மா."

உதடுகள் வெடித்திருந்தன. பேராச்சி டம்ளரை எடுத்தாள். நீர் தளும்பியது. அந்தச் சிற்றோசைக்கே குழந்தையின் தொண்டை உள்ளிழுத்துக்கொண்டது. தலை பின்னுக்கு வளைந்தது.

பேராச்சி டம்ளரை முந்தானைக்குள் மறைத்தாள். நீர் சிந்தி அவளுடைய வயிற்றை நனைத்தது. அவள் அசையவில்லை. ஓசை கேட்கக் கூடாது. சிறிதும் கேட்கக் கூடாது.

தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தது.

பூமாரியின் கண்கள் மேலே போயின.

இன்னொன்று. வெளியே பெண்கள் சிரித்தார்கள். குடங்கள் மோதின. ஒழுகும் இடத்தில் வைக்க ஷரீஃபுன்னிசா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பேராச்சி இரு கைகளாலும் மகளின் காதுகளைப் பொத்தினாள்.

கூரை முழுவதும் பெய்தது.