திரைக்குள் போன முன்னூறு கார்

டிரைவ்-இன் தியேட்டரின் கடைசி நாளன்று முன்னூறு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு நேரே திரைக்குள் போய்விட்டன. திரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆபரேட்டர் இதை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை போட்டது. படப்பெட்டி வந்து சேராததால் வெறும் வெளிச்சத்தைத் திரையில் அடித்தது முதல் வருடமே இருந்தது. ஐந்தாம் வருடம், ஒரு மணி நேரம்கூடத் தாங்காத கார்பன் குச்சியில், ஒரே ஜோடியில், மூன்று மணி நேரம் விளக்கு எரிந்தது. பத்தாம் வருடம், படம் பார்க்க வந்தவர்களின் முகங்களே திரையில் ஓட ஆரம்பித்தன. சமீபத்தில், கடைசியாகப் போன கார்க்காரர் உள்ளே நுழைவதற்கு முன் இவருக்குக் கையசைத்துவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனிதர்.

கதை முடிகிற இடத்தில் அவர் மனைவி, "ரீல்" என்பாள். அவ்வளவுதான், ஒரு சொல். பிழைப்பெல்லாம் ரீல் சுற்றியவரைப் பார்த்து அதைவிடப் பொருத்தமாக என்ன சொல்லிவிட முடியும்? வீடே சிரிக்கும். அவளும் சாதாரண ஆள் இல்லை. அதே தியேட்டரில் வாசல் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள். உள்ளே வருகிற காரின் பின் டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தே, டிக்கெட் வாங்காமல் டிக்கிக்குள் எத்தனை பேர் சுருண்டு கிடக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவள் ரீல் என்றால் ரீல்தான். ஆபரேட்டருக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. அவள் சொல்வாள் என்ற தைரியத்தில்தான் அவர் இத்தனை தூரம் அளந்ததே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வீட்டில், மருமகனுக்கு அதை எட்டாவது தடவையாகச் சொல்லி முடித்தார். கையசைப்பையும் போட்டாயிற்று. புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். மகள் சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்திருந்தாள். எல்லோரும் அவர் மனைவியையே பார்த்தார்கள். அவள் டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை.

மருமகன் தொண்டையைச் செருமினார். "என்ன அத்தை, இன்னிக்கு மாமாவைச் சும்மா விட்டுட்டீங்க?"

"கொஞ்சம் தண்ணி குடுங்க மாப்ள," என்றாள்.

திரும்பும்போது அவள் காரைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "காத்து கம்மியா இருக்கா?" என்று ஆபரேட்டர் கேட்டார். "காத்தெல்லாம் இருக்கு," என்றாள். அன்று முழுவதும் அவருக்கு ஏதோ ஒரு படியை இருட்டில் தவறவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவளே கேட்டாள். "என்னங்க, அந்தத் தியேட்டரை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

கேட்க வேண்டுமா. ஆபரேட்டர் ஐந்து நிமிடத்தில் சட்டை மாற்றி, தலை வாரி, கார் கதவருகே நின்றார். எப்போதும் போல அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் இவர் வாய் ஓயவில்லை. நம் திரையின் அகலத்துக்கு ஒரு கப்பலைக் குறுக்கே நிறுத்தலாம். அதற்கு வெள்ளையடிக்க ஆறு மாதம் ஆகும், இந்தப் பக்கம் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அழுக்காகிவிடும். இயந்திரத்தின் விளக்கைப் போட்டால் நாலு தெரு தள்ளிச் சேவல் கூவும். அவள் 'உம்' கொட்டவில்லை. கண் அடிக்கடி பின்புறக் கண்ணாடிக்குப் போய்வந்தது.

ஒரு வேகத்தடையில் காரின் வயிறு தரையில் உரசியது. நீளமாக, நிதானமாக உரசியது. இரண்டு பேர் இருக்கிற கார் அப்படி உரசாது.

"டிக்கியில என்னத்த வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல. ஒரு வாரமா இப்படித்தான். நாலு பேர் கனம் இருக்கு. திறந்து பாத்தா ஒண்ணும் இல்ல, மூடினா மறுபடி அமுங்குது." கூண்டிலிருந்து முதலாளிக்குத் தகவல் சொல்கிற அதே குரல். "அங்கேயே கொண்டுபோய் இறக்கி விட்டுட்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

ஆபரேட்டர் அவளையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடிப்பாவி, நீயும் ரீல் விட ஆரம்பிச்சிட்டியா. முப்பது வருஷப் பழியைத் தீத்துக்கற."

அவள் சிரிப்பாள் என்று அடுத்த திருப்பம் வரை காத்திருந்தார். சிரிக்கவில்லை.

தியேட்டரின் அந்தக் கடைசி நாளன்று உண்மையில் என்ன நடந்தது என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. படப்பெட்டி வரவில்லை, கீழே காத்திருந்த கார்கள் ஹார்ன் அடித்தன, முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. சும்மா இருக்கட்டும் என்று படமே இல்லாமல் விளக்கைப் பற்றவைத்தார், திரை வெள்ளையாக எரிந்தது, நாற்காலியில் சாய்ந்தார், தூங்கிப்போனார். விழித்தபோது விளக்கு அணைந்திருந்தது, மைதானம் காலியாக இருந்தது. ஏணிப்படியின் அடியில் அவள் நின்றிருந்தாள். கை சில்லிட்டிருந்தது. மழையில் நனைந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அன்று மழை பெய்ததா என்பதைப் பிறகு யோசித்ததில்லை. மறுநாள் முதலாளி தியேட்டரை இழுத்து மூடினார். மிச்சம் எல்லாம் இவர் வாயில் வந்தது.

போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது, வெளிச்சம் இருந்தது. வாசலில் கதவு இல்லை. டிக்கெட் கூண்டின் கண்ணாடி உடைந்து, உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு. சிமென்டும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை, மூடிவைத்த பெட்டியைத் திறந்த மாதிரி, முகத்தில் வந்து நின்றது. உள்ளே மேடும் பள்ளமுமாக வரிசைகள். ஒவ்வொரு மேட்டிலும் காரின் மூக்குத் திரையைப் பார்த்து நிமிர்ந்து நிற்பதற்கான சரிவு. கார் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர்கள் தொங்கிய கம்பங்கள் துருப்பிடித்து நின்றன. ஒயரோடு ஸ்பீக்கரை மறந்துபோய் இழுத்துக்கொண்டு போன புண்ணியவான்கள் எத்தனையோ பேர். எல்லாக் கம்பமும் மொட்டை. அவள் ஓட்டிப்போய் நிறுத்திய இடத்தில் மட்டும் ஒன்று தொங்கியது. ஒயரில் தூசு இல்லை.

அவள் எட்டி அதை எடுத்து, பாதி இறக்கிய கண்ணாடியில், அவர் பக்கம் மாட்டினாள். பழக்கப்பட்ட கை.

"கரண்டே இல்லாத இடத்துல இது எதுக்கும்மா?"

"பழக்கம்," என்றாள். "மாட்டாம நிறுத்தினா ஒரு மாதிரி இருக்கு."

எதிரே திரை. கப்பலெல்லாம் நிற்காது, ஒரு லாரி நிற்கலாம். ஆனாலும் பெரிய சுவர்தான். வெள்ளை உரிந்து திட்டுத் திட்டாகச் சிமென்ட் தெரிந்தது. மேல் ஓரத்தில் ஒரு செடி முளைத்திருந்தது. அவர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் சாம்பலானது. கம்பங்கள் கறுத்தன. கூண்டு கறுத்தது. செடி கறுத்தது. இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆபரேட்டர் பார்ப்பது ஒன்றைத்தான்: வானத்தைவிடத் திரை எப்போது இருளும், எப்போது படத்தைப் போடலாம். ஆயிரக்கணக்கான சாயங்காலங்கள் அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

திரை இருளவில்லை.

திட்டுகள் மறைந்து ஒரே வெண்மையானது. பிறகு வானத்தைவிட வெளுப்பானது. ஆபரேட்டர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ஆபரேட்டர் ரூமின் சதுர ஓட்டை இருட்டாக இருந்தது. அங்கிருந்து ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. வெளிச்சம் வந்தால் அதில் தூசு பறக்கும், பூச்சி பறக்கும். எதுவும் பறக்கவில்லை. மறுபடி முன்னால் திரும்பினார்.

திரையில் ஒரு கார் நின்றது. நேர் எதிரிலிருந்து எடுத்த மாதிரி. அவர்கள் கார். முன் கண்ணாடிக்குள் இரண்டு பேர். ஒருவர் வாயைத் திறந்துகொண்டிருந்தார். ஆபரேட்டர் தன் வாயை மூடினார். திரையில் இருந்தவரும் மூடினார். அந்தக் காருக்குப் பின்னால் கார்கள். வரிசை வரிசையாக, பழைய கார்கள், எல்லாவற்றிலும் ஆட்கள், எல்லோரும் நேராக இவரைப் பார்த்துக்கொண்டு. அவர் மறுபடி பின்னால் திரும்பினார். வெறும் மேடு. வெறும் பள்ளம். கம்பங்கள்.

"ஏம்மா," என்றார். "ரீல்னு சொல்லு."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்குத் தூங்கிட்டேன். எதையும் பாக்கல. எல்லாம் சும்மா அளந்தது. நீ ஒருத்திதான் முழிச்சிருந்த. நீ இல்லன்னு சொன்னா இல்லதான். சொல்லிடு, வீட்டுக்குப் போவோம்."

"முப்பது வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்," என்றாள். "நீங்க சொல்றதும் நான் இல்லைங்கறதும். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் கிட்ட வருது."

டிக்கிக்குள் யாரோ தட்டினார்கள். அவசரமில்லை. விரல் மடக்கி, இரண்டு தட்டு. டிக்கெட் கூண்டைக் கடந்தாயிற்று, இனி இறங்கலாமா என்று உள்ளிருப்பவர்கள் கேட்பது அப்படித்தான். அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இருங்க. திறந்து விட்டுட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

"நாமதானே கூட்டிட்டு வந்தோம்," என்று அவள் இறங்கினாள். கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் பின்பக்கம் போனது. சரளைக் கல், ஆறு அடி, ஏழு அடி. டிக்கியின் பூட்டு. மூடி கிறீச்சிட்டு உயர்ந்தது. பின் கண்ணாடி முழுக்க மறைந்தது. கார் மேலே எழும்பியது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. நான்கு. யாரும் பேசவில்லை. காலடி எதுவும் விலகிப் போகவில்லை. ஆபரேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். கனம் முழுக்கப் போய்விட்டது. இறங்கிவிட்டார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

கார் அமுங்கியது.

கொஞ்சம்தான். ஒரு ஆள் கனம். நாற்பது வருடம் அவர் பக்கத்து இருக்கையில் ஏறி இறங்கிய கனம்.

டிக்கி சாத்திக்கொண்டது.

"ஏம்மா."

சரளையில் சத்தம் இல்லை.

"ஏம்மா. எங்க இருக்க?"

கதவுக் குமிழை இழுத்தார். வரவில்லை. கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்றினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடி அசையவில்லை. ஸ்பீக்கர் அவர் காதருகே தொங்கியது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவர் இல்லை. பலர்.

கார் நகர்ந்தது. சாவி அவள் பையில் இருந்தது. இன்ஜின் ஓடவில்லை. மேட்டின் சரிவில் கார் பின்னாலேதான் உருள வேண்டும். முன்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். கால் எட்டவில்லை; முழங்காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு மிதித்தார். பிரேக் தரை வரை போனது. ஸ்பீக்கர் ஒயர் இறுகும், அறுபடும் என்று பார்த்தார். இறுகவில்லை. கம்பத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

மேடு. பள்ளம். மேடு.

திரையிலும் அந்தக் கார் நகர்ந்தது. எதிரே, அவரை நோக்கி. பெரிதாகிக்கொண்டே வந்தது. வெளிச்சம் மடியில் விழுந்தது. சூடே இல்லை. அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காலி. திரையைப் பார்த்தார். அங்கே அந்த இருக்கையில் அவள் இருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பின் இருக்கையில் நான்கு பேர், நெருக்கியடித்து, நிமிர்ந்து. நனைந்த தலைமுடி. அவர்கள் கையசைத்தார்கள். மரியாதையாக.

"சொல்லிடும்மா," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இல்லன்னு சொல்லிடு."

கடைசி வரிசையையும் கார் தாண்டியது. செடியின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெண்மை கண்ணாடி முழுக்க நிறைந்தது. திரையில் அவள் உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கரில் குரல் ஒரு நொடி பின்தங்கி, படத்தோடு ஒட்டாமல் வந்தது. கூண்டுக்குள்ளிருந்து பேசுகிற குரல்; ஒரு எண்ணைத் திருத்துகிற குரல்.

"முன்னூறு இல்லீங்க. நாப்பத்தியொரு கார். நான்தானே எண்ணி உள்ள விட்டேன். வாசல் வழியா ஒண்ணுகூடத் திரும்பி வரல. மத்தபடி நீங்க சொன்னது அத்தனையும் நடந்துச்சு."